குதிகால் நாண் வலியா? ஒரு படிக்கட்டு போதும்

குதிகாலுக்குச் சற்று மேலே, கெண்டைக்கால் தசை வந்து சேரும் அந்தத் தடித்த நாண் காலையில் எழுந்ததும் கட்டை மாதிரி இறுகி வலிக்கிறதா? ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998-இல் வெளியிட்ட பயிற்சியைச் செய்து பாருங்கள்.

படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். எம்பி நின்று, உடல் எடையை வலிக்கிற காலுக்கு மாற்றி, குதிகால் படிக்குக் கீழே போகும்வரை மெதுவாக, ரொம்ப மெதுவாக இறக்குங்கள். திரும்ப மேலே வர நல்ல காலைத்தான் ஊன்ற வேண்டும், இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். முட்டியை நீட்டி 15 முறை வீதம் 3 சுற்று, அப்புறம் முட்டியை லேசாக மடக்கி இன்னொரு 3 சுற்று. தினமும் இரு வேளை, 12 வாரம். நடுவில் சலிப்பு வரும், விட்டுவிடாதீர்கள்.

செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை, தாங்கவே முடியவில்லை என்றால் நிறுத்துங்கள். வலியே தெரியாத நிலை வந்ததும் முதுகுப்பையில் எடை சேர்க்கலாம். நாண் எலும்போடு ஒட்டும் இடத்தில்தான் வலி என்றால் படிக்குக் கீழே இறக்காமல் சமதரையிலேயே செய்யுங்கள். திடீரென்று 'படார்' என்று ஏதோ அறுந்தது போல இருந்து, அந்தக் காலால் எம்பவே முடியவில்லையா? பயிற்சி எதுவும் வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள்.