பழைய பெல்லட் அடுப்பில் ஓடுகிற பாகத்தைக் கழற்றுமுன்

சித்திரைப் பருவக் காவடி முடிந்து சில வாரங்களில் தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே உள்ள லெனேஷியாவில் ராத்திரிக் குளிர் உறைக்கத் தொடங்கிவிடும். மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகளை, அதாவது பெல்லட்டை, எரித்து வீட்டைச் சூடாக்கும் பழைய பெல்லட் அடுப்பை வாங்கியவர்கள் என்னிடம் வருவதும் அப்போதுதான். "அண்ணே, நன்றாகத்தான் எரிகிறது. ஆனால் பத்து வருஷம் ஓடிய அடுப்பு. மோட்டார், விசிறி எல்லாவற்றையும் இப்போதே மாற்றிவிடலாமா?"

பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்கிறேன். என் முதல் அடுப்பில், பெல்லட்டைத் தள்ளும் திருகின் மோட்டார் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ஜூலைக் குளிரில் நின்றுவிடுமோ என்று பயந்து புது மோட்டார் வாங்கிப் போட்டேன். பழையது நிமிடத்துக்கு 1 சுற்று, புதியது 2. நான் பார்க்கவில்லை. எரிசட்டியில் பெல்லட் குவிந்தது, தீ அடங்கிப் புகைந்தது, கண்ணாடி ஒரு மணி நேரத்தில் கறுத்துப்போனது. பழைய மோட்டாரையோ அதற்குள் இரும்புக் கடையில் போட்டாயிற்று. குளிர்காலத்தில் பாதி அப்படியே போனது.

அதனால் மோட்டார் வாங்குகிறவர்கள் சுற்று வேகத்தையும் சுழலும் திசையையும் பழையதன் மேலுள்ள விவரத் தகட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்க இணையக் கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மோட்டார். அதை இங்கே நேராக இணைத்தால் கருகிவிடும்.

அடுத்த தவறு, அழுக்கைப் பழுது என்று நினைப்பது. திருகு நின்றுவிட்டதா? மோட்டாரைச் சந்தேகிக்கும் முன் பெல்லட் தொட்டியைக் காலி செய்து பாருங்கள். ஈரம் பட்ட பெல்லட் ஊதி உதிர்ந்து, தூளாகித் திருகை இறுக்கிவிடும். அடுப்பு அடிக்கடி தானாக அணைகிறதா? புகை வெளியே போகிறதா என்று கவனிக்கும் அழுத்த சுவிட்சுக்குப் போகும் மெல்லிய குழாயில் சாம்பல் அடைத்திருக்கலாம். ஜோகன்னஸ்பர்க் பக்கம் இன்னொன்றும் உண்டு. நாம் இருப்பது கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,700 மீட்டர். காற்றின் அடர்த்தி இங்கே ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. கடலோரத்துக்கு ஏற்றபடி அமைத்த அடுப்பு இங்கே மஞ்சளாகச் சோம்பி எரியும். காற்று, பெல்லட் அளவுகளைத் திருத்தினால் சரியாகிற விஷயத்துக்குப் புது விசிறி வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

சரி, எதையுமே மாற்றக் கூடாதா? புகை போகும் பாதையில் மட்டும் என் பேச்சு வேறு. கதவைச் சுற்றியிருக்கும் கண்ணாடி இழைக் கயிறு பார்க்க நன்றாக இருந்தாலும் சோதியுங்கள். அடுப்பு ஆறியிருக்கும்போது ஒரு பத்து ராண்ட் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் கயிறு தளர்ந்துவிட்டது. நாலு பக்கமும் இப்படிப் பார்க்க வேண்டும். கயிறு விலை குறைவு, மாற்றுவதும் எளிது, காத்திருக்கக் காரணமே இல்லை. புகைக்குழாய் இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் சீல்களும் அப்படித்தான். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, பிள்ளைகள் தூங்கும் வீட்டில் அதற்கான அலாரம் ஒன்றும் இருக்கட்டும். அழுத்த சுவிட்ச் தொல்லை தருகிறதென்று அதன் இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கி ஓட்டுவதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். புகை வெளியே போகாதபோது பெல்லட் விழுவதை நிறுத்தத்தான் அது இருக்கிறது.

புகையை வெளியே தள்ளும் புகைவிசிறி இந்த இரண்டு வகைக்கும் நடுவில் வருகிறது. கழற்றிச் சுத்தம் செய்து, கையால் சுழற்றிவிடுங்கள். சத்தமில்லாமல் கொஞ்ச நேரம் சுற்றினால் இன்னும் காலம் இருக்கிறது. உரசலோ கீச்சொலியோ கேட்டால் பேரிங் தேய்கிறது. அப்போது புதியதை வாங்கி வையுங்கள், நிற்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

தீ மூட்டும் இக்னைட்டர் வேலை செய்கிற வரை அதை மாற்றவே வேண்டாம். அது போய்விட்டாலும் பல அடுப்புகளை, அவற்றின் கையேடு அனுமதித்தால், தீமூட்டும் ஜெல் போட்டுக் கையால் பற்றவைக்கலாம். பெட்ரோலோ ஸ்பிரிட்டோ கூடாது.

மின்வெட்டை அனுபவித்த நமக்கு, அடுப்பை இயக்கும் மின்னணுப் பலகையான கண்ட்ரோல் போர்டின் கவலை அதிகம். வேலை செய்கிற போர்டை மாற்றுவதைவிட, மின்சாரம் திரும்பி வரும்போது பாயும் அதிர்விலிருந்து அதைக் காக்கும் சர்ஜ் பிளக் ஒன்று முதலில் வாங்குங்கள். ஓடும் அடுப்பில் மின்சாரம் போனால் புகைவிசிறியும் நின்று வீட்டுக்குள் புகை வரலாம். அதனால் சின்ன யூபிஎஸ் ஒன்றும் நல்லது. பற்றவைக்கும் சில நிமிடங்கள்தான் நிறைய வாட் கேட்கும், பிறகு மோட்டாருக்கும் விசிறிகளுக்கும் கொஞ்சமே போதும். யூபிஎஸ் வாங்கும்போது இந்த இரண்டு கணக்கையும் கேளுங்கள்.

அப்புறம், எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு ராத்திரி எரித்துப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். கழற்றிய பழைய பாகம் ஓடுகிறது என்றால் துடைத்து, தேதி எழுதி, கராஜ் அலமாரியில் வையுங்கள். என் அலமாரியில் இப்போது ஒரு புகைவிசிறியும் இரண்டு இக்னைட்டரும் இருக்கின்றன. மோட்டாருக்கான இடம் மட்டும் இன்னும் காலி.