இணையாக ஓடும் இன்வெர்ட்டர்கள்: லோடு சரியாகப் பங்காக ட்ரூப் வைப்பது எப்படி

கிரிட் இல்லாத இடத்தில் 5 கிலோவாட், 10 கிலோவாட் இன்வெர்ட்டர்கள் இரண்டை ஒரே பஸ்ஸில், அதாவது பொது மின்பாதையில், சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று விடாப்பிடியாக நின்றால் லோடு பங்காகாது. நடுவே உள்ள கேபிளின் இம்பீடன்ஸ் (ஏசி கரண்டுக்கான மொத்தத் தடை) 0.2 ஓம் என்றால் 2.3 வோல்ட் வித்தியாசமே போதும், 11.5 ஆம்பியர் ஒன்றிலிருந்து மற்றதற்குச் சுற்றும். லோடே இல்லாவிட்டாலும் சுற்றும்.

அதனால்தான் லோடு ஏற ஏற அதிர்வெண்ணைச் சற்றே இறக்கும் ட்ரூப் முறை. முழு லோடில் 0.5 ஹெர்ட்ஸ் இறக்கம் வையுங்கள். சின்னதற்குக் கிலோவாட்டுக்கு 0.1 ஹெர்ட்ஸ், பெரியதற்கு 0.05. இப்போது 9 கிலோவாட் லோடு வந்தால் 3, 6 என்று தானே பிரியும், பஸ் 49.7 ஹெர்ட்ஸில் நிற்கும். இரண்டுக்கும் இடையே தகவல் கேபிள் வேண்டாம்.

வேலை செய்யாமல் முன்னும் பின்னும் அலையும் ரியாக்டிவ் பவர் இவ்வளவு எளிதில் அடங்காது. அதற்கு வோல்டேஜை இறக்குகிறோம், 5% என்றால் 11.5 வோல்ட். ஆனால் அதிர்வெண் எங்கும் ஒன்றே, வோல்டேஜ் இடத்துக்கு இடம் மாறும். கேபிள் நீளம் வேறுபட்டாலே பங்கு கோணிவிடும். போதாக்குறைக்கு, லோ வோல்டேஜ் கேபிளில் ரெசிஸ்டன்ஸ்தான் அதிகம். அதனால் கிலோவாட் பங்கைத் திருத்தினால் ரியாக்டிவ் பங்கும் அசையும், அதைத் திருத்தினால் இதுவும் அசையும்.

மருந்து விர்ச்சுவல் இம்பீடன்ஸ். வெளியீட்டில் ஒரு சுருள் இருப்பதுபோல் மென்பொருளே வோல்டேஜைக் குறைக்கும். சின்னதற்கு 1 மில்லிஹென்றி, பெரியதற்கு 0.5. 50 ஹெர்ட்ஸில் 1 மில்லிஹென்றி 0.314 ஓம், 21.7 ஆம்பியர் முழு லோடில் 6.8 வோல்ட் குறையும், தாங்கலாம். கரண்டை டிஃபரன்ஷியேட் செய்து (மாறும் வேகத்தை எடுத்து) இதைக் கணக்கிடாதீர்கள், ஸ்விட்சிங் இரைச்சல் பெருகிவிடும். 90 டிகிரி நகர்த்திய கரண்டை அந்த ஓம் அளவால் பெருக்குவதே நல்லது.

சிங்கிள் ஃபேஸில் பவர் 100 ஹெர்ட்ஸில் துடிக்கும். ஆகவே அளந்த பவரை வேகமான துடிப்பை நீக்கும் 5 ஹெர்ட்ஸ் அளவிலான லோ பாஸ் ஃபில்டரில் வடிகட்டியபின் ட்ரூப்புக்குக் கொடுங்கள். பவர் இரண்டுக்கும் இடையே ஊசலாடினால் முதலில் ட்ரூப் சரிவைக் குறைத்துப் பாருங்கள்.

இரண்டாவதைச் சேர்க்கும் முன் வோல்டேஜ், அதிர்வெண், ஃபேஸ் மூன்றும் பஸ்ஸோடு ஒத்திருக்க வேண்டும். முதலில் லோடு இல்லாமல் சேர்த்து கரண்டைப் பாருங்கள். குறிப்பிடத்தக்க அளவு ஓடினால் வோல்டேஜ் சென்சார் காலிபிரேஷனையும் டிசி ஆஃப்செட்டையும் (வெளியீட்டில் கலந்துவிடும் சிறு டிசி வோல்டேஜ்) சோதியுங்கள்.

49.7-ஐ மீண்டும் 50-க்குக் கொண்டுவரும் திருத்தத்தை ஒரே கன்ட்ரோலர் கணக்கிட்டு இரண்டுக்கும் ஒரே அளவில் அனுப்பட்டும். பிழையைக் கூட்டிக்கொண்டே போகும் இன்டக்ரேட்டரைத் தனித்தனியாக வைத்தால், அளவீட்டில் உள்ள கடுகளவு பிழையும் சேர்ந்து சேர்ந்து பங்கீட்டையே குலைத்துவிடும்.