மூட்டையோடு போவதா, வெறுங்கையோடு போவதா: ரீடைரக்டில் நடக்கும் தவறுகள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு விதைநெல் கடைக்கு வெப்சைட் செய்து கொடுத்திருந்தேன். ஏடிடி 36, ஏடிடி 43, கோ 51 என்று ரகத்தைத் தேர்ந்தெடுத்து, எத்தனை மூட்டை, போன் நம்பர் என்ன என்று நிரப்பி அனுப்பினால் கடைக்காரருக்கு ஆர்டர் போகும். மேட்டூர் திறக்கப் பத்து நாள் இருந்த சமயம். முகவரிக்கு முன்னால் மூன்று டபிள்யூ இருந்தால்தான் பார்க்க மதிப்பாக இருக்கும் என்று கடைக்காரர் ஆசைப்பட்டார். சர்வரில் ஒரே வரி எழுதினேன்: டபிள்யூ இல்லாமல் யார் வந்தாலும் 301 (நிரந்தரமாக இடம் மாறியாச்சு என்று சொல்லும் எண்) கொடுத்து டபிள்யூ உள்ள முகவரிக்குத் திருப்பிவிடு. இப்படித் திருப்புவதுதான் ரீடைரக்ட். பழைய முகவரியை அடித்துப் பார்த்தேன், முகப்புப் பக்கம் வந்தது. கும்பகோணத்துக்கு பஸ் ஏறிவிட்டேன்.

இரண்டாம் நாள் போன். "தம்பி, ரெண்டு நாளா ஒரு ஆர்டர்கூட வரல. ஜனங்க போன் போட்டு, எழுதி எழுதி அனுப்புறோம், திரும்பத் திரும்ப வெறும் ஃபாரம்தான் வந்து நிக்குதுங்கிறாங்க. என்ன பண்ணி வச்சீங்க?"

வந்த கோரிக்கைகளைக் குறித்து வைக்கும் சர்வர் லாகைத் திறந்தால் பிழை என்று ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு வரி. முதல் வரியில் போஸ்ட், அதாவது நிரப்பியதை அனுப்பும் கோரிக்கை, பதில் 301. உடனே அடுத்த வரியில் அதே பக்கத்துக்கு கெட், அதாவது பக்கத்தைக் காட்டு என்று கேட்கும் கோரிக்கை, பதில் 200, எல்லாம் சரி. ஃபாரத்தின் ஆக்‌ஷனில் நிரப்பியது போய்ச் சேரும் இடமாக நான் முழு முகவரியை டபிள்யூ இல்லாமல் எழுதி வைத்திருந்தேன். அனுப்பிய போஸ்ட் 301-இல் முட்டித் திரும்பும்போது கெட் ஆகிவிட்டது. ரகமும் மூட்டைக் கணக்கும் போன் நம்பரும் வழியிலேயே கழன்றுவிட்டன. கெட் வந்தால் காலி ஃபாரத்தைக் காட்டு என்று எழுதியதும் நான்தான், சர்வர் அதைச் சரியாகச் செய்தது.

கொள்முதல் நிலையத்தில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்

301, 302, 303, 307, 308 என்று திருப்பிவிடும் எண்கள் ஐந்து. ஐந்தையும் மனப்பாடம் செய்வதைவிட இது சுலபம். டிராக்டரில் நெல் ஏற்றிக்கொண்டு நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறீர்கள். நெல்தான் போஸ்ட்டின் பாடி, அதாவது நிரப்பி அனுப்பிய தரவு. பட்டியல் எழுத்தர் உங்களை வேறு இடத்துக்குப் போகச் சொல்கிறார். சொல்லும் விதம் இரண்டு.

"நெல்லை இங்கே இறக்கியாச்சு, ரசீதை அந்த அறையில் வாங்கிக்கோங்க" என்றால் அது 303. மூட்டை இங்கேயே நிற்கும், நீங்கள் வெறுங்கையோடு போய்க் கேட்பீர்கள். முன்பு எந்த முறையில் வந்திருந்தாலும் அடுத்த கோரிக்கை கெட்தான். பக்கம் இல்லாமல் அதன் தலைப்பு விவரங்களை மட்டும் கேட்கும் ஹெட் மட்டும் ஹெட்டாகவே போகும்.

"இங்கே எடை போடல, மூட்டையோட அடுத்த ஊர் நிலையத்துக்குப் போங்க" என்றால் 307 அல்லது 308. முறையும் மாறாது, பாடியும் கூடவே போகும். இன்றைக்கு மட்டும் அங்கே என்றால் 307, நிலையமே இடம் மாறிவிட்டது என்றால் 308.

மீதி இருக்கும் 301-உம் 302-உம் தான் வில்லங்கம். போஸ்ட்டோடு வந்தால் பிரவுசர் அதை கெட் ஆக்கி, பாடியை எறிந்துவிட்டுப் போகும். புட் (மாற்றி எழுது), டிலீட் (நீக்கு) போன்ற முறைகளோடு வந்தால் முறையை மாற்றாமல் அப்படியே எடுத்துச் செல்லும். ஆமாம், ஒரே எண், இரண்டு நடத்தை. பிரவுசர்களுக்கு விதி எழுதும் வாட்விஜி அமைப்பின் ஃபெட்ச் தரநிலையிலேயே இப்படித்தான் இருக்கிறது.

இந்தக் கோணல் எப்படி வந்தது என்று தெரிந்தால் மறக்காது. இணையத்தின் விதிகள் ஆர்எஃப்சி என்ற எண்ணிட்ட ஆவணங்களாக வரும். 1996 மே மாதம் வந்த ஆர்எஃப்சி 1945, அதாவது பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபியின் 1.0 ஆவணம், 301-க்கும் 302-க்கும் முறையை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் அப்போதிருந்த பிரவுசர்கள் போஸ்ட்டை கெட்டாக மாற்றிக்கொண்டிருந்தன. அது தவறு என்று அந்த ஆவணமே குறிப்பும் போட்டது. யார் கேட்டார்கள்? வெப்சைட்டுகள் எல்லாம் அந்தத் தவறான நடத்தையை நம்பியே எழுதப்பட்டன. 1997 ஜனவரியில் ஆர்எஃப்சி 2068, கெட்டாகத்தான் மாற வேண்டும் என்பவர்களுக்கு 303-ஐக் கொடுத்தது. 1999 ஜூனில் ஆர்எஃப்சி 2616, மாறவே கூடாது என்பவர்களுக்கு 307-ஐக் கொடுத்தது. நிரந்தர மாற்றத்துக்கு அதேபோல் ஒன்று வேண்டும் என்று 308 வர 2014 ஆகிவிட்டது. 2015 ஏப்ரலில் ஆர்எஃப்சி 7538 அதற்குத் தரநிலை வரிசையில் இடம் கொடுத்தது. இப்போது நடப்பில் உள்ள 2022-இன் ஆர்எஃப்சி 9110, பழைய பழக்கம் காரணமாக 301, 302-இல் போஸ்ட்டை கெட் ஆக்கிக்கொள்ளலாம் என்று அனுமதியே கொடுத்துவிட்டது. வயலுக்குக் குறுக்கே எல்லாரும் நடந்து நடந்து, கடைசியில் புலப்படத்திலும் பாதை என்று வரைந்த கதை.

முகவரியை மாற்றிவிட்டு ஃபாரத்தை மறப்பது

நான் செய்தது இதுதான், பரவலாக நடப்பதும் இதுதான். டபிள்யூ சேர்ப்பது, எச்டிடிபியிலிருந்து பாதுகாப்பான எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறுவது, கடைசியில் ஒரு சாய்கோடு சேர்ப்பது என்று எல்லாமே கையில் 301-ஐக் கொடுக்கும். பக்கத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. போஸ்ட் செய்கிறவர்கள் மட்டும் மாட்டுவார்கள்.

வெப்சைட் கட்ட உதவும் ஜாங்கோவில் இந்தச் சாய்கோடு விவகாரத்துக்கு நல்ல எச்சரிக்கை ஒன்று உண்டு. டீபக், அதாவது பிழை தேடும் நிலையில் இருக்கும்போது சாய்கோடு இல்லாத முகவரிக்கு போஸ்ட் அனுப்பினால், தரவு தொலைந்துபோகும் என்று கத்தி நின்றுவிடும். டீபக்கை அணைத்து உண்மையான சர்வரில் ஏற்றினால் சத்தமில்லாமல் 301 கொடுத்துவிடும். வீட்டில் கத்தாத கோளாறு வெளியில் கத்தும் என்பதுதான் வழக்கம், இங்கே தலைகீழ்.

சரிசெய்வது சுலபம். ஃபாரத்தில் முழு முகவரி எழுதாதீர்கள், பாதையை மட்டும் எழுதுங்கள். போஸ்ட் வரக்கூடிய பழைய முகவரிகளுக்கு 301-க்குப் பதில் 308 கொடுங்கள். வெளியில் யாரோ எழுதிய ஆப் ஒன்று உங்கள் பழைய முகவரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தால், அதன் ஃபாரத்தை நீங்கள் போய்த் திருத்த முடியாது. அங்கே 308 ஒன்றுதான் கைகொடுக்கும்.

வேலை முடிந்த பிறகும் 302 கொடுப்பது

ஃபாரத்தைச் சேமித்த கையோடு நன்றிப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது நல்ல பழக்கம். திருப்பாமல் அங்கேயே பதில் கொடுத்தால், ஆள் ரீஃப்ரெஷ் அழுத்தும்போது அதே போஸ்ட் மறுபடி போகும், ஒரு ஆர்டர் இரண்டாகும். திருப்புவதற்கு ஏற்ற எண் 303. ஆனால் பிஎச்பியில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் லொகேஷன் ஹெடரை எழுதினால் தானாக வருவது பெரும்பாலும் 302. வெப்சைட் கட்ட உதவும் எக்ஸ்பிரஸ், ஜாங்கோ, ரெயில்ஸ் எல்லாவற்றிலும் சும்மா ரீடைரக்ட் என்றால் 302தான். சாதாரண எச்டிஎம்எல் ஃபாரம் கெட், போஸ்ட் இரண்டைத்தான் சர்வருக்கு அனுப்பும் என்பதால் 302-லேயே பிழைப்பு ஓடிவிடுகிறது.

ஜாவாஸ்கிரிப்ட் உள்ளே வரும்போதுதான் கதை மாறும். ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச் கட்டளை மூலம் டிலீட் அனுப்பி 14-ஆம் ஆர்டரை நீக்குகிறீர்கள். சர்வர் நீக்கிவிட்டு, பட்டியல் பக்கத்துக்கு 302 கொடுக்கிறது. பிரவுசர் பட்டியல் பக்கத்துக்கும் டிலீட்டோடு போய் நிற்கும். அங்கே டிலீட்டுக்கு வழி எழுதாமல் இருந்தால் ஒரு பிழைச் செய்தியோடு தப்பித்தீர்கள். பட்டியல் முழுவதையும் நீக்கு என்று யாராவது எழுதி வைத்திருந்தால் அன்றைக்குக் களத்தில் ஒரு மணி நெல் மிஞ்சாது. ரெயில்ஸின் ஆவணத்திலேயே இந்த இரட்டை டிலீட் பற்றி எச்சரித்து, 303 கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஃபாரமோ ஜாவாஸ்கிரிப்டோ, வேலை முடிந்ததா, 303 என்று நான் கையால் எழுதிவிடுகிறேன்.

307-ஐக் கண்ட இடத்தில் போடுவது

முறை மாறாது என்று படித்துவிட்டு, எல்லா இடத்திலும் 307 போட ஆரம்பிப்பவர்கள் உண்டு. அந்த விதைநெல் கடைச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு வாரம் நானும் அந்தக் கட்சியில் இருந்தேன். ஆர்டரைச் சேமித்துவிட்டு அதே முகவரிக்கு 307 கொடுத்தால் என்ன ஆகும்? பிரவுசர் அதே மூட்டையை மறுபடி கொண்டுவரும், சர்வர் மறுபடி சேமிக்கும், மறுபடி 307. தரநிலை சொல்லும் வரம்பு 20 ரீடைரக்ட். அதைத் தாண்டும்போது பிரவுசர் கைவிட்டு, திருப்பல் அதிகமாகிவிட்டது என்று திரையில் சொல்லும். அதற்குள் ஒரு விவசாயியின் பேரில் இருபது சொச்சம் ஆர்டர் ஏறியிருக்கும்.

இதைவிட மோசம் லாகின் பக்கம். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் போஸ்ட்டில் வருகின்றன. சரிபார்த்துவிட்டு வேறொரு தளத்துக்கு 307 கொடுத்தால், பாஸ்வேர்டும் சேர்ந்தே அந்தத் தளத்தின் கைக்குப் போகும். ஒரு தளத்தின் லாகினை வைத்து இன்னொன்றில் நுழைய உதவும் ஓஆத் முறையின் பாதுகாப்புக்கென்று 2025 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 9700 இதைத் தனியாகவே எடுத்துச் சொல்லி, அங்கே 307 கூடாது, 303 கொடுங்கள் என்கிறது. இதில் ஒரு வேடிக்கை: இப்போதைய ஃபெட்ச் தரநிலைப்படி, ஆரிஜின், அதாவது தளம் மாறினால் அனுமதிச் சாவியான ஆதரைசேஷன் ஹெடரை பிரவுசர் கழற்றிவிட்டுத்தான் போகும். பாடியைக் கழற்றாது. சாவியைப் பிடுங்கிக்கொண்டு மூட்டையை அனுப்பிவைக்கும் காவல்காரர்.

குறுவைப் பக்கத்துக்கு 301 போட்ட கதை

இது முறை மாற்றம் பற்றியது இல்லை, ஆனாலும் கூடவே வரும் தலைவலி. குறுவை முடிந்ததும் குறுவை ஆர்டர் பக்கத்தை சம்பா பக்கத்துக்குத் திருப்பினேன், 301-இல். அடுத்த ஜூனில் திருப்பலை எடுத்துவிட்டேன். போன வருடம் வந்த சிலருக்கு மட்டும் குறுவைப் பக்கத்தைத் தட்டினால் சம்பா பக்கமே வந்தது. 301-ஐயும் 308-ஐயும், தனியாக ஒன்றும் சொல்லாவிட்டால், பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு சர்வரைக் கேட்காமலே திருப்பிவிடும். லாகில் அந்தக் கோரிக்கையே இருக்காது, அதனால் எவ்வளவு தேடினாலும் காரணம் சிக்காது. பருவத்துக்குப் பருவம் மாறுவதற்கு 302 அல்லது 307 போதும். அவற்றைத் தானாக நினைவில் வைப்பதில்லை. நான் கடைசியில் குறுவைப் பக்கத்துக்குப் புது முகவரி கொடுத்துத் தப்பித்தேன்.

ஃபெட்ச் சத்தமில்லாமல் பின்தொடர்வது

லாகின் காலாவதியான பிறகு ஜாவாஸ்கிரிப்ட் ஒரு போஸ்ட் அனுப்புகிறது. சர்வர் லாகின் பக்கத்துக்கு 302 கொடுக்கிறது. ஃபெட்ச் அதைத் தானே பின்தொடர்ந்து, கெட்டாக மாற்றி, லாகின் பக்கத்தின் எச்டிஎம்எல்லைக் கொண்டுவந்து 200 என்று கொடுக்கும். ஜேசன் வடிவில் தரவு வரும் என்று நம்பிய உங்கள் நிரல், முதல் எழுத்தாகக் கோண அடைப்புக்குறியைப் பார்த்து எதிர்பாராத எழுத்து என்று புலம்பும். அந்தப் புலம்பலைப் பார்த்தால் ஜேசனை நோண்டாதீர்கள், லாகினைப் பாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட் கேட்கும் முகவரிகளுக்கு 302 வேண்டாம், லாகின் தேவை என்று சொல்லும் 401 கொடுங்கள். வேறு ஆரிஜினுக்குப் போகும் கோரிக்கைக்கு முன்னோட்டமாக, அனுமதி உண்டா என்று கேட்கும் ஆப்ஷன்ஸ் போகிறது என்றால், அந்த முன்னோட்டத்துக்கு ரீடைரக்ட் பதில் கொடுத்தாலே எல்லாம் நின்றுவிடும். அங்கே எந்த எண்ணும் உதவாது.

சோதிக்கும் கருவியை பிரவுசர் என்று நம்புவது

கட்டளை வரியிலிருந்து கோரிக்கை அனுப்பும் கர்லில் எக்ஸ் ஆப்ஷனால் போஸ்ட் என்று கட்டாயப்படுத்தி, கூடவே ரீடைரக்டைப் பின்தொடரவும் சொன்னால், பிரவுசர் கெட்டாக மாற்றும் இடத்திலும் கர்ல் போஸ்ட்டாகவே போகும். டி ஆப்ஷனில் தரவை மட்டும் கொடுத்துவிட்டு எக்ஸை விட்டுவிட்டால் 301, 302, 303 மூன்றிலும் பிரவுசர் போலவே கெட்டுக்கு மாறும். கோரிக்கை அனுப்ப உதவும் பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம் வேறு மாதிரி: 302 வந்தால் புட், டிலீட்டையும் கெட் ஆக்கிவிடும், பிரவுசர் அப்படிச் செய்யாது. இரட்டை டிலீட் பிரச்சினையை ரிக்வெஸ்ட்ஸில் சோதித்தால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தெரியும்.

பிரவுசரில் பார்ப்பதற்கு நெட்வொர்க் பட்டியலைத் திறந்து, பக்கம் மாறினாலும் பழைய வரிகளை அழிக்காதே என்ற கட்டத்தை டிக் செய்துகொள்ளுங்கள். டிக் செய்யாவிட்டால் பக்கம் மாறும்போது நீங்கள் தேடும் போஸ்ட் வரியே மறைந்துவிடும். குரோமில் நீங்கள் எழுதாத 307 ஒன்று தெரிந்தால் பயப்பட வேண்டாம். எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் வா என்று பிரவுசருக்குச் சொல்லும் எச்எஸ்டிஎஸ் உள்ள தளத்துக்கு எச்டிடிபியில் போகும்போது, சர்வரைத் தொடும் முன்பே பிரவுசர் தானாக எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறுவதை அப்படிக் காட்டுகிறது. அதில் போஸ்ட் போஸ்ட்டாகவே போகும்.

விதைநெல் கடையில் ஃபாரத்தின் ஆக்‌ஷனைப் பாதையாக மாற்றி, 301-ஐ 308 ஆக்கிய பத்து நிமிஷத்தில் முதல் ஆர்டர் வந்தது. தொலைந்த இரண்டு நாளை மீட்க முடியுமா என்று கடைக்காரர் கேட்டார். எத்தனை பேர் முயன்றார்கள் என்பது லாகில் இருந்தது. யார், எந்த ரகம், எத்தனை மூட்டை என்பது இல்லை, லாகில் போஸ்ட்டின் பாடி பதிவாகவில்லை. அவரிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது. போன் போட்டுத் திட்டியவர்களின் பெயரையும் நம்பரையும் அதில் குறித்து வைத்திருந்தார், ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார்.