பால்பார்க் ஃபிகர்: திருப்பூர் மெயில்களில் சறுக்கும் இடங்கள்

வெளிநாட்டு பையர் ‘பால்பார்க் ஃபிகர்’ கேட்டால், அவருக்கு வேண்டியது குத்துமதிப்பு விலை. “ஏகதேசமா எவ்வளவுங்க வரும்?” என்று நாம் கேட்பதேதான். பால்பார்க் என்பது அமெரிக்காவில் பேஸ்பால் ஆடும் மைதானம். பந்து மைதானத்துக்குள் விழுந்தால் சரி, எந்த இடத்தில் என்பது பிறகு என்று வைத்துக்கொண்டால் பொருள் மறக்காது.

அதிகம் சறுக்குவது எண்ணில்தான். நூல், நிட்டிங், சாயம், கட்டிங் வேஸ்ட், தையல் கூலி, பேக்கிங், தூத்துக்குடி வரை லாரி வாடகை எல்லாம் கூட்டி, ‘பால்பார்க் 2.37 டாலர்’ என்று பதில் போகிறது. இப்படிப் பைசா சுத்தமாக வரும் எண்ணை எந்த பையரும் குத்துமதிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். கொட்டேஷன் என்றே குறித்துவைப்பார். பிறகு 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) கேட்டவர் 180க்கு மாறுவார். துணி எடை எட்டில் ஒரு பங்கு கூடிவிடும், விலையை ஏற்றிக் கேட்கத்தான் வாய் வராது. ‘2.25 முதல் 2.50 வரை’ என்று இடைவெளி விட்டு எழுதுங்கள். எந்த ஜிஎஸ்எம், எத்தனை பீஸ், எஃப்ஓபியா (கப்பலில் ஏற்றும் வரையிலான செலவு மட்டும் சேர்ந்த விலையா) என்பதையும் கீழேயே போட்டுவிடுங்கள்.

‘அப்ராக்ஸிமேட் பால்பார்க் ஃபிகர்’ என்பது ‘நடு சென்டர்’ மாதிரி, ஒன்று போதும். ‘இன் பால்பார்க் ஆஃப்’ என்பதும் தவறு, நடுவில் ‘த’ வேண்டும்: ‘இன் த பால்பார்க் ஆஃப் 2.50 டாலர்ஸ்’.

பையர் ‘நாட் ஈவன் இன் த பால்பார்க்’ என்று எழுதினால், சொன்ன விலை அவர் பட்ஜெட்டுக்குப் பக்கத்தில்கூட இல்லை என்று அர்த்தம். அஞ்சு சென்ட் குறைத்துப் பார்ப்பது வீண். துணியையோ பீஸ் எண்ணிக்கையையோ மாற்றித்தான் பேச வேண்டும். சாம்பிளைப் பார்த்து ‘யூ நாக்ட் இட் அவுட் ஆஃப் த பார்க்’ என்றால் பதறவேண்டாம். அது பாராட்டு; பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்த கணக்கு.

ப்ரொஃபார்மா இன்வாய்ஸிலும் (சரக்கு அனுப்பும் முன் தரும் விலை விவரம்) எல்சியிலும் (பணம் தருவதாக பையரின் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) இந்தச் சொல்லே கூடாது. எல்சியில் தொகை, எண்ணிக்கை, ஒரு பீஸ் விலை இவற்றோடு ‘அபவுட்’ அல்லது ‘அப்ராக்ஸிமேட்லி’ இருந்தால், வங்கிகள் பின்பற்றும் யூசிபி 600 விதிகளின் 30ஆவது பிரிவு 10 சதவீதம் வரை கூடக் குறைய இடம் தருகிறது. ‘பால்பார்க்’ அந்தப் பிரிவில் இல்லை.