சைகை மொழிபெயர்ப்பாளர் ஆக விரும்புகிறவர்களுக்கு: டர்பனிலிருந்து ஒரு செய்முறை விளக்கம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு காவடித் திருவிழா. பெரியப்பா மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மேடையில் தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்கள். "என்ன பாடுகிறார்கள்?" என்று கையால் கேட்டாள். "சாமி பாட்டு" என்றேன். நாற்பது நிமிடம் கழித்து மறுபடி கேட்டாள். மறுபடியும் "சாமி பாட்டு" என்றேன். "இவ்வளவு நேரமும் அதே இரண்டு வார்த்தையா?" என்று சிரித்தாள். சுற்றி இருந்த உறவினர்களோ, "என்ன அழகாகச் சைகை செய்கிறான்!" என்று என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்தத் தொழிலின் பெரிய ஆபத்து இதுதான். காது கேட்கிறவர்களுக்கு உங்கள் கை சரியா தப்பா என்று தெரியாது. 2013 டிசம்பர் 10 அன்று ஜோகன்னஸ்பர்கில் நெல்சன் மண்டேலாவின் நினைவுக் கூட்டம் நடந்தபோது, உலகத் தலைவர்களுக்குப் பக்கத்தில் சைகை மொழிபெயர்ப்பாளராக நின்றவர் அர்த்தமே இல்லாமல் கையை அசைத்தார். காது கேளாதவர்கள் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். மற்றவர்கள் அவர்கள் சொன்ன பிறகுதான் விழித்துக்கொண்டோம். அதனால், கீழே சொல்லும் எந்தப் படியையும் தனியாகச் செய்யாதீர்கள். திருத்துவதற்குக் காது கேளாத ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

படி 1: எந்த மொழி என்று தெரிந்துகொள்ளுங்கள்

உலகம் முழுக்க ஒரே சைகை மொழி என்பது தவறு. இங்கே பேசப்படுவது தென்னாப்பிரிக்கச் சைகை மொழி. 2023 ஜூலையில் இது நாட்டின் 12ஆவது ஆட்சி மொழி ஆனது. யூடியூபில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் அமெரிக்கச் சைகை. அதைப் பார்த்து மனப்பாடம் செய்துவிட்டு வந்தால் பாதியை மறக்க வேண்டியிருக்கும்.

படி 2: ஆட்களைத் தேடுங்கள்

வகுப்புக்குப் போவதற்கு முன்பே காது கேளாதவர்கள் கூடும் இடங்களுக்குப் போங்கள். இன ஒதுக்கல் காலத்தில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிகளும் இனவாரியாகப் பிரிந்தே இருந்தன. அதனால் ஒரே சொல்லுக்கு, எந்தப் பள்ளியில் படித்தார் என்பதைப் பொறுத்து, பெரியவர்களிடம் வெவ்வேறு சைகை இருக்கும். அகராதியைக் காட்டி அவர்களிடம் "இது தப்பு" என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள்.

விரல் எழுத்து என்பது ஒரு பெயரை எழுத்து எழுத்தாக விரல்களால் காட்டுவது. அதற்குப் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுங்கள். அதில் உள்ள பெயர்களை எல்லாம், ஆங்கில எழுத்தில், ஒரு கையால் எழுதிப் பழகுங்கள். அப்புறம் மற்றவர் எழுதுவதைப் படித்துப் பாருங்கள், அதுதான் கஷ்டம். நாளடைவில் உங்களுக்கும் ஒரு சைகைப் பெயர் வைப்பார்கள். அதை நீங்களே வைத்துக்கொள்ளக் கூடாது, அவர்கள்தான் தர வேண்டும். என் பெயர் என்ன தெரியுமா? "சாமி பாட்டு."

படி 3: முகத்தைப் பழக்குங்கள்

முகமும் இந்த மொழியின் இலக்கணம். ஆமா, இல்லை என்று பதில் வரும் கேள்விக்குப் புருவம் உயரும். என்ன, எங்கே, எப்போது என்று கேட்டால் புருவம் சுருங்கும். கேள்விச் சொல் பல நேரம் கடைசியில் வரும்: "உன் தங்கை கல்யாணம், எப்போது?" ஆங்கிலத்தில் யோசிக்கிறவர்கள் இதற்குத் தடுமாறுவார்கள். நமக்கு அவ்வளவு சிரமம் இல்லை. ஆனால் வேறொரு சிக்கல் உண்டு: சம்மதத்துக்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டும் பழக்கம். சைகை மொழியில் தலையசைத்து மறுப்பதே ஒரு வாக்கிய அமைப்பு. "நாளைக்கு வருகிறேன்" என்று கை சொல்லும்போது தலை நம் பாணியில் ஆடினால், வரமாட்டீர்கள் என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. கைபேசியில் உங்களையே படம் பிடித்துப் பாருங்கள். வெட்கமாகத்தான் இருக்கும்.

படி 4: முறையாகப் படியுங்கள்

ஜோகன்னஸ்பர்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்திலும் புளூம்ஃபொன்டைனில் உள்ள ஃப்ரீ ஸ்டேட் பல்கலைக்கழகத்திலும் இந்த மொழியைப் படிக்கலாம். சேருவதற்கு முன், மொழியைக் கற்பிக்கும் பாடமா, மொழிபெயர்ப்புப் பயிற்சியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் வேறு வேறு. நன்றாகச் சைகை செய்கிற எல்லோராலும் மொழிபெயர்க்க முடிவதில்லை.

படி 5: காத்திருக்கப் பழகுங்கள்

வானொலிச் செய்தியைப் போட்டுவிட்டு, ஒரு வாக்கியம் பின்தங்கியே சைகை செய்யுங்கள். தமிழிலிருந்து பெயர்க்கும்போது இது இன்னும் முக்கியம். "இந்த மாத்திரையை முன்பு சாப்பிட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை" என்ற வாக்கியத்தில் கடைசிச் சொல்தான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. அவசரப்பட்டால் "சாப்பிட்டேன்" என்று சொல்லிவிடுவீர்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஒருமுறை அக்கா யாரோ ஒரு 'அங்கிள்' வந்ததாகச் சொன்னாள். அதைப் பாட்டிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். மாமாவா, சித்தப்பாவா? இப்படிப்பட்ட இடத்தில் ஊகிக்காதீர்கள். "கொஞ்சம் இருங்கள், ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்கிறேன்" என்று இரு பக்கத்துக்கும் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

இன்னொன்று: பேசுகிறவர் "எனக்கு" என்றால் நீங்களும் "எனக்கு" என்றுதான் சொல்ல வேண்டும். "அவளுக்கு வலிக்கிறதாம்" என்று சொல்லக் கூடாது. முதல் நாள் நான் "எனக்கு வயிறு வலிக்கிறது" என்றதும் பாட்டி பதறிப்போய், "உனக்குமா கண்ணு?" என்று கேட்டார். முன்கூட்டியே விளக்கிவிடுவது நல்லது.

படி 6: முதல் வேலை

நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் தொடங்காதீர்கள். அங்கே ஒரு தப்பு நடந்தால் விலை கொடுப்பது வேறொருவர். கோயில் கூட்டம், பள்ளி விழா என்று சிறியதாகத் தொடங்குங்கள். பாட்டு, மந்திரம், பேச்சு எல்லாவற்றையும் எழுத்தில் முன்பே வாங்கிப் படித்துவிட்டுப் போங்கள். தேவாரத்துக்கு நான் அடுத்த வருடம் அதைத்தான் செய்தேன். மூன்று வாரம் அக்காவோடு உட்கார வேண்டியிருந்தது.

ஜன்னலுக்கு முன் நிற்காதீர்கள், வெளிச்சத்தில் முகம் இருண்டுவிடும். பேச்சாளர் பக்கத்தில் நின்றால் இருவரையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். தோல் நிறத்துக்கு மாறான, பூப்போடாத சட்டை நல்லது. மினுங்கும் மோதிரம் வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் இன்னொருவர் வேண்டும். சுமார் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளுங்கள். மூளை களைப்பது கைக்கு முன்னால்.

அங்கே கேட்டதை வீட்டில் சொல்லாதீர்கள். டர்பனின் சாட்ஸ்வர்த் மாதிரி எல்லோரும் எல்லோருக்கும் உறவாக இருக்கும் ஊரில் இது சாதாரண விஷயம் இல்லை.

அனுபவம் வந்ததும் தென்னாப்பிரிக்க மொழிபெயர்ப்பாளர் கழகத்தின் தேர்வை எழுதி அங்கீகாரம் பெறலாம். நேரம், பயணச் செலவு, கட்டணம் மூன்றையும் முன்பே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். அடுத்த உறவுக்காரர் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால், விருந்தாளியாகவா வேலைக்காகவா என்று கேட்டுவிடுங்கள். இரண்டும் என்றால் சாப்பிட நேரம் இருக்காது.