காக்ஸ்-2 ஆய்வில் காசையும் காலத்தையும் தின்னும் தவறுகள்

பெருங்குடல் புற்றுநோயில் காக்ஸ்-2 (சைக்ளோஆக்சிஜனேஸ்-2) நொதியை ஆராய வரும் மாணவர்கள் வருடம் தவறாமல் அதே பழைய குழிகளில்தான் விழுகிறார்கள். மைக்கோப்ளாஸ்மா (செல்வளர்ப்பைக் கெடுக்கும் நுண்ணுயிரி) இருக்கிறதா பார், ஒப்பிட கன்ட்ரோல் வை என்பதை எல்லோரும் சொல்வார்கள், விட்டுவிடுகிறேன்.

நொதியின் வேலை இவ்வளவுதான். செல்சவ்விலிருந்து பிரியும் அராக்கிடோனிக் அமிலத்தை காக்ஸ்-2 பி.ஜி.எச்-2 என்ற புரோஸ்டாகிளாண்டின் ஆக்கும், இன்னொரு நொதி அதை பி.ஜி.இ-2 என்ற இன்னொரு புரோஸ்டாகிளாண்டின் ஆக்கும். அது வெளியேறி, இ.பி-2, இ.பி-4 ஏற்பிகள் வழியாக வளர்ச்சிச் சமிக்ஞையைக் கிளப்பும்.

மருந்தைக் கொட்டிவிட்டு நொதியைக் காரணம் காட்டுவது

காக்ஸ்-2-ஐ அடக்கும் செலிகாக்சிப்பை 50 மைக்ரோமோலார் ஊற்றுகிறார்கள். மறுநாள் செல்கள் செத்து மிதக்கின்றன. 'காக்ஸ்-2 இல்லாமல் புற்றுச்செல் பிழைக்காது' என்று ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே எழும்பிவிடுகிறது.

இதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். 200 மில்லிகிராம் மாத்திரை போட்டவரின் ரத்தத்தில் அந்த மருந்து உச்சத்திலேயே ஏறக்குறைய 2 மைக்ரோமோலார்தான். அதிலும் 97 சதவீதம் புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். 50-இல் செல் சாக ஆயிரம் காரணம் இருக்கலாம்: செல்லைப் பிழைக்க வைக்கும் ஏ.கே.டி. சமிக்ஞைப் பாதை முடங்கும், எண்டோபிளாச வலையிலிருந்து கால்சியம் கசியும். காக்ஸ்-2-ஐத் தொடாத, செலிகாக்சிப்பைப் போன்ற அமைப்புள்ள டைமெத்தில்-செலிகாக்சிப்பும் செல்லைக் கொல்கிறதே!

ஒரு மாணவி வேலையெல்லாம் முடித்துவிட்டு வரைபடத்தோடு வந்தாள். பயன்படுத்தியது எச்.சி.டி-116 என்ற பெருங்குடல் புற்றுச்செல் வகை. அவற்றில் காக்ஸ்-2 புரதம் இல்லை என்றே சொல்லலாம். "இல்லாத நொதியை எப்படியம்மா அடக்கினாய்?" என்றேன். பேச்சில்லை. அத்தியாயம் முழுவதையும் தூக்க வேண்டியதாயிற்று. அதற்குள் உதவித்தொகைக் காலமும் முடிந்துவிட்டது. அவள்மேல் எனக்குக் கோபமில்லை. 50 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவைகூடக் கேட்காத வழிகாட்டியை நினைத்தால்தான் இன்றும் ஆறவில்லை.

நொதி நிறைய உள்ள எச்.சி.ஏ-7 செல்கள், நொதி இல்லாத எச்.சி.டி-116 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மருந்தை 1 முதல் 5 மைக்ரோமோலாருக்குள் நிறுத்துங்கள். எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. (ஒரு மரபணுவின் புரத உற்பத்தியைத் தடுக்கும் சிறு ஆர்.என்.ஏ.) கொண்டும் நொதியைக் குறைத்துப் பாருங்கள். பிறகு பி.ஜி.இ-2-ஐ வெளியிலிருந்து சேருங்கள். வளர்ச்சி திரும்பினால்தான் காக்ஸ்-2 பற்றிப் பேசலாம். வளர்ப்பு ஊடகத்தில் சேர்க்கும் சீரத்தைக் குறைத்தால் மருந்தோடு ஒட்டும் புரதமும் குறையும், அதே அளவு மருந்தும் கடுமையாகத் தாக்கும், அதையும் மறக்க வேண்டாம்.

வெஸ்டர்ன் ப்ளாட்டோடு நின்றுவிடுவது

வெஸ்டர்ன் ப்ளாட் புரதம் இருக்கிறதா என்று காட்டும் சோதனைதான். அதில் பட்டை தெரிந்தால் நொதி வேலை செய்கிறது என்று பொருளல்ல. எச்.டி-29 செல்களில் காக்ஸ்-2 புரதம் இருந்தும் செயல்பாடு இல்லை என்று 2000-இலேயே கட்டுரை வந்தாயிற்று. பி.ஜி.இ-2-ஐச் சிதைக்கும் 15-பி.ஜி.டி.எச். நொதி பெருங்குடல் புற்றில் பெரும்பாலும் குறைந்துவிடுகிறது. அப்போது காக்ஸ்-2 கூடாமலே பி.ஜி.இ-2 தேங்கும். எலைசா (எதிர்ப்பொருள் கொண்டு அளவிடும் சோதனை) செய்து பி.ஜி.இ-2-ஐ அளந்துவிடுங்கள்.

பீட்டா-கேட்டனின் ஏறியதும் துள்ளுவது

பீட்டா-கேட்டனின் செல் வளர்ச்சியைத் தூண்டும் புரதம், ஏ.பி.சி. அதை அடக்கி வைக்கும் புரதம். எச்.சி.டி-116-இல் பீட்டா-கேட்டனின் மரபணுவே பிறழ்ந்தது, எச்.டி-29-இல் ஏ.பி.சி. மரபணு பிறழ்ந்தது. பாதை ஏற்கெனவே திறந்துதான் கிடக்கிறது, ஏற்றத்தை மட்டும் வைத்து காக்ஸ்-2-ஐக் காரணம் காட்ட முடியாது.

எலி பாலிப்பைப் பெருங்குடல் பாலிப் என்று எழுதுவது

ஏ.பி.சி. பிறழ்ந்த சுண்டெலிகளில் பாலிப்புகள் (குடல் சுவரில் முளைக்கும் சிறு கட்டிகள்) பெரும்பாலும் சிறுகுடலில்தான் வரும்.

புற்றுச்செல்லை மட்டும் வளர்ப்பது

அந்த எலிகளின் பாலிப்பில் காக்ஸ்-2 முக்கியமாகத் தெரிவது எபிதீலியத்தில் (குடலின் உள்பரப்புச் செல்களில்) அல்ல, அதைச் சுற்றித் தாங்கும் ஸ்ட்ரோமா செல்களில். ஸ்ட்ரோமாவில் உள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் வளர்ந்த ஊடகத்தையாவது எடுத்துப் புற்றுச்செல் மேல் விட்டுப் பாருங்கள். அதற்கு முன் அந்த ஊடகத்தில் பி.ஜி.இ-2 எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள்.