ஊர்க்காவல் படைக்கு ஆள் சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவல்துறைக்குத் துணை நிற்கும் தன்னார்வலர் அமைப்பான ஊர்க்காவல் படைக்கு ஆட்கள் தேர்வு என்று மாவட்டக் காவல் அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்ததும், அந்தப் படையில் ஒரு பிரிவுக்குத் தலைவராகப் புதிதாகப் பொறுப்பேற்ற பிளாட்டூன் கமாண்டர்கள் உற்சாகத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். ஊர் ஊராகப் போய் இளைஞர்களிடம் பேசுகிறார்கள். தேர்வு நாளன்று ஆயுதப்படை மைதானம் நிறைந்துவிடுகிறது. அடுத்த வருடம் அதே மைதானத்தில் கவாத்துக்கு விசில் ஊதினால் வரிசையில் பெரிய பெரிய இடைவெளிகள். நாங்கள் இளம் வயதில் செய்த அதே தவறுகளைத்தான் இவர்களும் செய்கிறார்கள். கண்ணெதிரே நடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

உயரம் அளப்பது, சான்றிதழ் சரிபார்ப்பது போன்றவற்றில் வரும் பிழைகளைத் தேர்வுக் குழுவே பிடித்துவிடும். அவற்றை இங்கே எழுதப்போவதில்லை.

போலீஸ் வேலைக்கு இதுதான் வாசல் என்று நம்பவைப்பது

எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இதில்தான்.

இந்தப் படை எதற்காக வந்தது என்பதை ஆள் சேர்ப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 1946 டிசம்பர் 6 அன்று, வகுப்புக் கலவரங்கள் நடந்துகொண்டிருந்த பம்பாயில், காவல்துறைக்குக் கைகொடுக்கப் பொதுமக்களைக் கொண்டு தொடங்கப்பட்டது ஊர்க்காவல் படை. 1962 சீனப் போருக்குப் பிறகு மற்ற மாநிலங்களும் ஒரே மாதிரியான அமைப்பாக இதை உருவாக்கின. நம் மாநிலத்தில் அதற்கான சட்டம் 1963-இல் வந்தது. சொந்தத் தொழிலோ வேலையோ உள்ள ஒருவர், தன் நேரத்தில் ஒரு பகுதியை ஊருக்குக் கொடுப்பது என்பதே இதன் அடிப்படை. கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், தனியார் பள்ளி ஆசிரியர், விவசாயி, தையல்காரர் என்று பல தரப்பினரும் ஒரே வரிசையில் நிற்பதுதான் இந்தப் படையின் பலம்.

ஆனால் களத்தில் நடப்பது வேறு. அறிவிப்பில் பத்தாம் வகுப்பு என்று இருப்பதைப் பார்த்து, படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் பையன்களைத் தேடிப் போகிறார்கள். அவர்கள் உடனே சம்மதிப்பார்கள், எண்ணிக்கை சீக்கிரம் நிறையும். "முதலில் காக்கி போடு, ரெண்டு வருஷத்தில் போலீஸிலேயே எடுத்துக்கொள்வார்கள்" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துவிடுகிறார்கள். 2013-இல் தமிழ்நாடு சிறப்புக் காவல் இளைஞர் படை என்று ஒன்று தொடங்கப்பட்டது. அதில் சேர்ந்தவர்கள் மாதத் தொகுப்பூதியம் பெற்றார்கள், பிறகு தேர்வெழுதிக் காவலர்களாகவும் ஆனார்கள். அந்த நினைவு ஊர்களில் இன்னும் இருப்பதால் இந்தப் பேச்சு எளிதில் எடுபட்டுவிடுகிறது. ஊர்க்காவல் படை அப்படிப்பட்டது அல்ல. இதில் மாதச் சம்பளம் கிடையாது. பணிக்கு அழைக்கப்படும் நாளுக்கு மட்டும் படி உண்டு.

எங்கள் பகுதியில் ஒரு பையன் இருந்தான். ஜவுளிக்கடையில் வேலை, முதலாளிக்கு அவன்மேல் நல்ல நம்பிக்கை. யாரோ ஒரு கமாண்டரின் பேச்சைக் கேட்டுக் கடை வேலையை விட்டுவிட்டுப் படையில் சேர்ந்தான். பயிற்சி முழுவதும் முதல் வரிசையில் நின்றான். பூட்ஸில் ஒரு தூசி இருக்காது. அடுத்து எப்போது காவலர் வேலைக்கு எடுப்பார்கள் என்று என்னிடம் வந்து கேட்டபோதுதான் அவனிடம் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரிந்தது. உண்மையைச் சொன்னேன். அவன் என்னைத் திட்டவில்லை. சீருடையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து அலுவலக மேசையில் வைத்துவிட்டுப் போனான். கடையில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது. அவனுடைய அம்மா கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்தக் கோபம் நியாயமானது.

படித் தொகையைப் பற்றியும் மழுப்பாமல் சொல்லுங்கள். 2015 மார்ச் மாதத்தில் உச்ச நீதிமன்றம், இமாசலப் பிரதேச ஊர்க்காவல் படையினர் தொடர்பான வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. பணி நிரந்தரம் கோர முடியாது என்றது. ஆனால், 30 நாள் பணி செய்தால் காவலரின் குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஈடாக வரும்படி நாள்படியை நிர்ணயிக்க வேண்டும் என்றும் சொன்னது. அதன் பிறகு தமிழ்நாட்டில் நாள்படி 560 ரூபாயாக உயர்ந்தது. எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் பணிக்கு அழைக்கும் நாட்கள் குறைக்கப்பட்டன. மாதத்துக்கு ஐந்து நாள் என்ற நிலை வந்தபோது, முழு மாதத்துக்கும் கையில் கிடைத்தது 2,800 ரூபாய். தனக்கென்று ஒரு தொழில் வைத்திருந்தவர்கள் அதைத் தாங்கிக்கொண்டார்கள். படியையே குடும்ப வருமானமாக நம்பியிருந்தவர்கள் வீட்டு வாடகை கொடுக்க முடியாமல் திணறினார்கள். அரசு நாட்களைக் கூட்ட வேண்டும் என்று கேட்பது நம் கடமை, கேட்டுக்கொண்டும் இருக்கிறோம். அதற்காக, கூட்டாத நாட்களைக் கூட்டியதாகச் சொல்லி ஆள் சேர்க்கும் உரிமை யாருக்கும் இல்லை.

இன்னொரு கெடுதலும் இதனால் வருகிறது. ஏமாந்தவன் ஊருக்குப் போய்ச் சும்மா இருப்பதில்லை. அந்த ஊரில் ஒரு மருந்துக்கடைக்காரரோ, ராணுவத்திலிருந்து திரும்பியவரோ மனமுவந்து வரத் தயாராக இருந்தாலும், "அதெல்லாம் ஏமாற்று வேலை" என்ற பேச்சைக் கேட்டு ஒதுங்கிவிடுகிறார். நமக்கு வேண்டியவர் அவர்தான். அவரை இழந்தது நமக்குத் தெரிவதுகூட இல்லை.

எனவே விண்ணப்பத்தைக் கையில் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்: "மாதம் உங்கள் குடும்பம் எதில் நடக்கிறது?" பதில் தெளிவாக இல்லையென்றால், அவருக்கு முதலில் வேறு வேலை தேட உதவுங்கள், படையில் பிறகு சேரலாம். தேர்வுக்கு முன் ஒரு மாலை, வீட்டில் ஒருவரையும் அழைத்து வரச் சொல்லுங்கள். இரவு ரோந்து என்றால் எத்தனை மணி வரை, திருவிழா பந்தோபஸ்து என்றால் எத்தனை நேரம் நிற்க வேண்டும், படி எவ்வளவு என்று மனைவியின் முன்னாலேயே, அம்மாவின் முன்னாலேயே சொல்லுங்கள். அந்தக் கூட்டத்தில் சிலர் எழுந்து போய்விடுவார்கள். போகட்டும். மீதி இருப்பவர்கள்தான் மழையிலும் வருவார்கள்.

நிலையத்தில் எடுபிடியாக விடுவது

பகலில் பள்ளியில் பாடம் நடத்துகிறவர் மாலையில் காக்கியோடு காவல் நிலையத்துக்குப் போகிறார். அங்கே அவருடைய மாணவன் வயதில் இருக்கும் ஒருவர், "யோவ், டீ வாங்கிட்டு வா" என்கிறார். ஒரு முறை பொறுத்துக்கொள்வார். மறுமுறை பணிக்கு அழைத்தால் உடம்பு சரியில்லை என்று செய்தி வரும்.

இதைத் தடுக்க வேண்டியது கமாண்டரின் வேலை. ஆட்களை அனுப்புவதற்கு முன் ஆய்வாளரை நேரில் பார்த்து, வரப்போகிறவர்கள் யார், என்ன தொழில் செய்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஓர் ஆய்வாளரிடம் இப்படிப் பட்டியலைக் கொடுத்தபோது, எங்கள் ஆட்களில் ஒருவர் வயர்லெஸ் கருவி பழுது பார்க்கத் தெரிந்தவர் என்பதைக் கவனித்தார். அன்றிலிருந்து அந்த நிலையத்தில் அவரை எல்லோரும் "சார்" என்றுதான் அழைத்தார்கள். கடைசி வரை அவர் ஒரு பணிக்கும் தவறியதில்லை.

எல்லையைச் சொல்லாமல் லத்தியைக் கொடுப்பது

சட்டப்படி பணிக்கு அழைக்கப்பட்டிருக்கும் நேரத்தில், ஊர்க்காவல் படை வீரருக்குக் காவல் அலுவலருக்குள்ள அதிகாரமும் பாதுகாப்பும் உண்டு. பணி முடிந்து வீட்டுக்குப் போனதும் அவர் சாதாரணக் குடிமகன். இந்தக் கோட்டைப் பயிற்சியின் முதல் நாளிலேயே போட்டுவிட வேண்டும். பலர் கவாத்தை மட்டும் கற்றுக்கொடுத்துவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். பிறகு ஒரு பையன் தன் தெருவில், பணியில்லாத நாளில், வண்டியை நிறுத்தி ஆவணம் கேட்டான் என்று புகார் வருகிறது.

பிரண்ட்ஸ் ஆப் போலீஸ் அமைப்புக்கு நேர்ந்ததை எல்லோரும் நினைவில் வைத்திருக்க வேண்டும். 1993-இல் ராமநாதபுரம் மாவட்டக் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கிய நல்ல முயற்சி அது. பொதுமக்களும் காவலர்களும் நெருங்கி வரட்டும் என்பது நோக்கம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு உயிரிழந்தபோது, நிலையத்தில் இருந்த தன்னார்வலர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அவர்கள் தங்கள் அமைப்பைச் சேர்ந்தவர்களே அல்ல என்று பிரண்ட்ஸ் ஆப் போலீஸ் தரப்பு மறுத்தது. ஆனாலும் அடுத்த மாதமே அந்த அமைப்புக்கு அரசு மாநிலம் முழுவதும் தடை விதித்தது. நிலையத்துக்குள் நிற்கும் தன்னார்வலர் யார், எந்த அமைப்பு, எந்த உத்தரவின் பேரில் வந்தார் என்பதற்குப் பதிவேட்டில் தெளிவான பதில் இல்லாவிட்டால், பல்லாண்டு உழைப்பு ஒரே வாரத்தில் போய்விடும். ஊர்க்காவல் படைக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது என்று மெத்தனமாக இருக்க வேண்டாம். உங்கள் ஆள் எந்த நிலையத்தில் எத்தனை மணிக்கு நுழைந்தார், எத்தனை மணிக்கு வெளியேறினார் என்பது ஒவ்வொரு நாளும் எழுதப்பட வேண்டும். விசாரணை அறைப் பக்கமே அவர் போகக் கூடாது.

கட்சிக்காரரின் சிபாரிசு

எந்தக் கட்சியானாலும் வேண்டாம்.

பெண்களை நள்ளிரவில் நிறுத்திவிட்டு மறப்பது

தேர்த் திருவிழாவுக்குப் பெண்கள் அதிகம் வருவார்கள் என்பதால் பெண் வீரர்களைக் கேட்டு வாங்குகிறார்கள். தேர் நிலைக்கு வந்து கூட்டம் கலையும்போது இரவு ஒரு மணி. காவலர்களை ஏற்றிக்கொண்டு வேன் போய்விடுகிறது. ஒரு முறை பேருந்து நிலையத்தில் காக்கிச் சீருடையோடு மூன்று பெண்கள் விடியும் வரை உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அவர்களில் ஒருவர் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவர். திரும்பிப் போக வண்டி, இடையில் உட்கார ஓர் இடம், கழிப்பறை: இந்த மூன்றும் உறுதியாகாமல் பெண்களுக்குப் பணி ஆணை போடக் கூடாது.

படி பாக்கி

யாருக்கு எந்த மாதம் பாக்கி என்பதைக் கமாண்டர் பதிவேட்டைப் பார்க்காமலே சொல்ல வேண்டும்.

விலகுகிறவரை விரோதியாக நினைப்பது

திருமணம், வெளியூர் வேலை, கண்பார்வைக் குறைவு என்று மனிதர்கள் விலகத்தான் செய்வார்கள். விலகல் கடிதம் கொடுத்ததும் பல கமாண்டர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சீருடையையும் பெல்ட்டையும் எண்ணி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். அவர் எத்தனை இரவுகள் ஊருக்காக விழித்திருந்தார் என்பதற்கு ஒரு சான்று கேட்டால் மாதக்கணக்கில் அலையவிடுகிறார்கள். பணிச் சான்றைக் கண்காணிப்பாளர் கையெழுத்தோடு விலகும் நாளிலேயே கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். டிசம்பர் 6 ஊர்க்காவல் படை தின அணிவகுப்புக்கு அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் அழைப்பு அனுப்புங்கள். அடுத்த தேர்வு அறிவிப்பு வரும்போது, ஊர் ஊராகப் போவதற்கு முன் இவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். இவர்கள் அழைத்துவருகிற ஆட்களுக்கு நீங்கள் எதையும் புதிதாக விளக்க வேண்டியிருக்காது.